தராசண்ணையின் நூறு குண்டுகள்

பாரிசின் லாச்சப்பல் தெருவில் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருந்த தமிழர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அதையும் மனுசன் பிரெஞ்சு அரசாங்கத்திடம் கடதாசி வாங்கி, டொக்டரிடம் கையெழுத்து வாங்கி, இரும்புப் பெட்டி ஒன்று வாங்கிச் சுவரோடு ஆணி இறுக்கி, முறைப்படி வைத்திருந்தார். முறைப்படி வைத்திருந்தபடியால் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. களவாக வைத்திருந்தால் உடனே நம்பியிருப்பார்கள்.

அவர் இயக்கத்தில் பெரிய ஆளாக இருந்தவர் என்று ஒரு கதை. இல்லை, இயக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஓடிவந்தவர் என்று இன்னொரு கதை. இரண்டு கதைக்காரரும் ஒரே கடையில் ஒன்றாக நின்றுதான் தேத்தண்ணி குடித்தார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. நேரே கேட்டுவிட்டேன்.

"அண்ணை, நீங்கள் ஊரிலை துவக்குத் தூக்கினனியளோ?"

"நான் ஊரிலை பாண் போட்டனான். பேக்கரியிலை. மாவை நிறுத்து நிறுத்து இந்தத் தோள் இறங்கிப்போச்சு."

"அப்ப இஞ்சை வந்து ஏன் இந்த வேலை?"

"அங்கை ஆளாளுக்குச் சுட்டவங்கள். ஒருத்தனும் நிறுத்துப் பாத்துச் சுடேல்லை," என்றார். "இஞ்சை நானே நிறுக்கிறன், நானே சுடுறன். அதுவும் கடதாசிக்கு. கடதாசிக்குத் தாய் தேப்பன் இல்லை."

அப்போது நான் லாச்சப்பலில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தேன். இப்போது பாரிசுக்கு வெளியே பொண்டிக்கு வந்துவிட்டேன். அவர் எனக்கு எதிர்க் கதவு. கீழே சாப்பாட்டுக் கடை, அதில் இறைச்சி வைத்துச் சுற்றிப் பொரிக்கிற ரோல்ஸ் போடுவது அவர் வேலை. நான் வீட்டிலேயே இருந்து கலியாண பிளவுஸ் தைத்தேன். என் மனுசன் சனி ஞாயிறு என்றால் வேறொரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவப் போய்விடுவார். எதிர் வீட்டில் ஒருவர் துப்பாக்கிக் குண்டு செய்கிறார் என்பதை நான் அவருக்குச் சொல்லவே ஆறு மாதம் எடுத்தேன்.

தராசண்ணை என்பது தெரு வைத்த பெயர். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசு அவரிடம் இருந்தது. சட்டைப் பையில் கண்ணாடி வைத்திருப்பவர்களைப் போல அவர் அதைக் கையோடு கொண்டு திரிந்தார். ஒருமுறை மரக்கறிக் கடையில் நூறு கிராம் பச்சைமிளகாயை அதில் திருப்பி நிறுத்துப் பார்த்தார். கடைக்காரன் அன்றையிலிருந்து அவருக்கு மட்டும் நூற்றிப்பத்துப் போடுவான்.

சுடப் பாவித்த குண்டின் பித்தளைக் கோதுகளை அவர் எறிவதில்லை. பாரிசுக்கு வெளியே, ஆர்ஜொந்தெய்க்கு அங்காலே, தான் சுடப் போகிற கிளப்பிலிருந்து பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வருவார். வெள்ளைக்காரர் அதைக் கழுவுவதற்கென்று ஒரு மெசின் வைத்திருந்தார்களாம். இவர் புளியைக் கரைத்து ஊறவைத்து, நாங்கள் குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி மினுக்கினார். பளபளவென்று வரும். என்ன, அவருடைய வீட்டில் எப்போதும் ரசம் வைத்த வாசம்.

கோது காய்ந்ததும் அடியில் ஒரு சின்ன வெடித்தொப்பி. உள்ளே நிறுத்து ஊற்றிய வெடிமருந்து. கோதின் வாயில் குண்டை வைத்து, மேசையில் பூட்டிய பிடியை இழுத்தால் அமர்ந்து இறுகும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுக்கு அவர் எடுத்த நேரத்தில் நான் இரண்டு பிளவுசுக்குக் கை வைத்துவிடுவேன்.

குண்டிலும் ஒரு பிடிவாதம். வெறும் ஈயக் குண்டைத் தொடமாட்டார். "நாளைக்கு இந்தக் கையாலை ரோல்ஸ் பிடிக்கவேணும்" என்பார். ஈயத்துக்குமேல் செம்பு முலாம் பூசிய குண்டுதான் வாங்குவார். அந்த முலாம் வெங்காயத் தோல் அளவுதானாம். பிடியைக் கூட அமத்தினால் கீறுப்படும், கூட மருந்து போட்டு வேகமாக விட்டால் தோல் உரிந்துபோகும். ஆனபடியால் மருந்தும் அளவு, அமத்தலும் அளவு. தோலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட ஆம்பிளையை நான் வேறு பார்த்ததில்லை. தன் முகத்துக்கு ஒரு கிறீம் பூசி நான் கண்டதில்லை.

இதில் பகிடி என்னவென்றால், அவர் வைத்திருந்தது மக்னம் றிவோல்வர். சுட்டால் பக்கத்தில் நிற்பவனுடைய தொப்பி பறக்கவேண்டிய சாமான். இவர் சுட்டால் நல்லெண்ணெயில் கடுகு வெடித்த மாதிரி இருக்குமாம். கிளப்பில் கிழவர்கள் சிரிப்பார்களாம்.

"சிரிக்கட்டும்," என்றார். "மக்னம் எண்டு பேர் வைச்சவன் முழு வேகத்திலைதான் விடவேணும் எண்டு என்னட்டைக் கையெழுத்து வாங்கேல்லை."

இவ்வளவும் அவருடைய வெளிப்பக்கம். உள்ளே இருந்த விசர் வேறு. ஒன்றில் சந்தேகம் வந்துவிட்டால் கழட்டிவிடுவார். ஐம்பது குண்டு செய்து முடித்தபிறகு, இருபதாவதை ஊற்றும்போது தும்மினேனா என்று ஒரு யோசனை வந்தால், ஐம்பதும் போச்சு. அதற்கென்றே சுத்தியல் மாதிரி ஒரு சாமான் வைத்திருந்தார். அதன் தலைக்குள் குண்டைப் பூட்டி நிலத்தில் மூன்று நான்கு தரம் அடிக்க, குண்டு வேறாக மருந்து வேறாகக் கழன்று வரும். கீழ்வீட்டு மனுசி தும்புத்தடியால் தன் கூரையில் இடிப்பாள். இவர் "பார்தோன் மதாம்" என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்ததை அடிப்பார்.

குண்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு சனிக்கிழமை பிறந்தநாள் வீட்டுக்கு இருநூறு ரோல்ஸ் ஓடர். சுற்றி முடித்து, பாண் தூளும் பிரட்டி, எண்ணெயும் கொதிக்கிறது. தன் நீலக் கையுறையின் விரல்நுனியில் ஒரு துண்டு இல்லை என்று கண்டார். முதலாளி குசினிக்குள் வந்து பார்க்கும்போது அறுபது ரோல்ஸ் வயிறு கிழிந்து கிடக்கிறது.

"அண்ணை, உமக்கு விசரே? ஆர் பாக்கப்போறான்?"

"தின்னுறவன் பாப்பான்," என்று சொல்லிவிட்டு அறுபத்தோராவதைக் கிழித்தார்.

இருநூறையும் கிழித்தார். கையுறைத் துண்டு அவருடைய சப்பாத்துக்கு அடியில் ஒட்டிக்கிடந்தது. பிறந்தநாள் வீட்டுக்கு வடை போனது. முதலாளி அவரை வேலையால் நிற்பாட்டியிருப்பார்தான், ஆனால் அந்த ரோல்ஸுக்காக எபினேயிலிருந்து ஆட்கள் ரயிலேறி வந்தார்கள்.

அந்த எபினேயிலிருந்துதான் அவருக்கு ஒரு கலியாணமும் பேசி வந்தது. நாற்பத்தைந்து வயதில் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. பெண் வீட்டாருக்குச் சம்மதம், பெண்ணுக்குச் சம்மதம். இவருக்கு ஒரு சந்தேகம், பெண் மனதாரத்தான் சொன்னாளோ என்று. நேரில் கேட்டார். ஓம் என்றாள். அடுத்த கிழமை ரெலிபோனில் கேட்டார். ஓம் என்றாள். மூன்றாம் தரம் கேட்டபோது அவள் யோசித்துப் பார்த்து, இல்லை என்றாள். "பாத்தியே பிள்ளை, நான் நினைச்சது சரி," என்று அவர் எனக்குச் சந்தோசமாக வந்து சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சுத்தியலால் அவருக்கே மூன்று அடி போட்டிருப்பேன்.

இப்படி யாருடைய சொல்லையும் நம்பாத மனுசன் என்னுடைய சொல்லை மட்டும் நம்பினார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒருநாள் பால் கேட்டு வந்தவர், நான் தைத்து முடித்த கலியாண பிளவுஸ் ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டார்.

"என்ன பிழை?"

"வலக்கை ஒரு நூல் உயரமாப் போச்சு."

"போடுறவ கண்டுபிடிப்பாவோ?"

"மாட்டா. எனக்குத் தெரியுமெல்லே."

அவர் குனிந்து பிரித்த தையலைப் பார்த்தார். "நீயும் கழட்டுற ஆள்," என்றார். பால் வாங்க மறந்துபோய்விட்டார். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அவரிடம் மறுகேள்வி இல்லை. மழை வராது என்று சொன்னால் குடை எடுக்காமல் போய் நனைந்துகொண்டு வருவார். எனக்கு அது பெருமையாக இருந்தது, பொய் சொல்லுவானேன். எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு மதிப்பு எனக்கு இல்லை.

பிறகு அவருடைய வலது மணிக்கட்டில் கொதி எண்ணெய் பட்டது. அடுத்த ஞாயிறு கிளப்புகளுக்கிடையே போட்டி. சுடுவது இடக்கையாலும் முடியுமாம், அதற்கும் பழகியிருந்தார். ஆனால் மருந்து நிறுத்து ஊற்ற இரண்டு கையும் வேண்டும். நூறு குண்டு தேவை. என்னிடம் வந்தார்.

"கேக்கிறன் எண்டு கோவியாதை பிள்ளை. ஒருத்தரையும் இதிலை கை வைக்க நான் விட்டதில்லை."

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் தையல் மேசையைத் துடைத்து, என் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்தார். மருந்துக்குப் பக்கத்தில் சூடு இருக்கக்கூடாதாம். ஐம்பது குழி உள்ள மரப்பலகை ஒன்றை வைத்து, குழிக்கு ஒன்றாகக் கோதுகளை நிறுத்தினார். தன் ரெலிபோனில் ஒரு படம் காட்டினார். ஒரு துப்பாக்கி, குழல் வாழைப்பழம் உரித்த மாதிரி விரிந்து கிடந்தது.

"இது எப்பிடி நடந்தது தெரியுமோ? ஒரு கோதுக்கு மருந்து போட மறந்துபோனான். வெடித்தொப்பி மட்டும் வெடிச்சுக் குண்டைப் பாதிவழிக்குத் தள்ளும். அது குழலுக்குள்ளை இறுகி நிக்கும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டா இப்பிடி."

"சுட்டவருக்கு?"

"ரெண்டு விரல், ஒரு கண்."

பிறகு சட்டம் சொன்னார். ஒவ்வொன்றாய் நிறுக்கவேண்டும், ஊற்றவேண்டும். கதைக்கக்கூடாது. இடையில் எழும்பினால் எல்லாவற்றையும் திருப்பி ஊற்றிவிட்டு முதலிலிருந்து துவங்கவேண்டும். ஐம்பதும் முடிந்ததும் டோர்ச் அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார்க்கவேண்டும், பார்த்தபிறகுதான் குண்டை வாயில் வைக்கலாம். வைத்தபிறகு நிறுத்துப் பார்த்துப் பயனில்லை, கோதுகளின் நிறையே ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

முதல் ஐம்பதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் பிழையில்லை. இரண்டாவது ஐம்பதில் முதலாளி கீழேயிருந்து கூப்பிட்டார், இறைச்சி வந்துவிட்டது, வந்து பாரும் என்று. இவர் என்னைப் பார்த்தார். நான் கையால் போங்கோ என்று காட்டினேன். போனார்.

நாற்பது வரைக்கும் ஊற்றியிருப்பேன். கதவைத் தட்டினார்கள். எபினேயிலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும். நான் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த கலியாணத்தின் பெண்வீட்டார். வெள்ளித் தட்டில் குங்குமம், கற்கண்டு, கலியாணக் கார்ட்.

கலியாணம் சொல்ல வந்தவர்களைக் கதவடியில் வைத்துக் கதைக்க முடியுமா? மேசையில் நாற்பது வெடிமருந்துக் கோதை வைத்துக்கொண்டு உள்ளே கூப்பிடத்தான் முடியுமா? அவர்களுடைய மகளின் சிவப்புப் பட்டுத் துணியையே தூக்கி அந்தப் பலகையை மூடி, அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்தேன். இரண்டு கையாலும் கார்ட்டை வாங்கினேன். பொட்டு வைத்தார்கள். தேத்தண்ணி வைத்தேன். மண்டபத்துக்கு வருகிற வழியை அந்த மனுசன் மூன்று தரம் சொன்னார்.

அவர்கள் போனதும் பலகையை இறக்கினேன். எந்தப் பக்கம் என் பக்கமாக இருந்தது என்று தெரியவில்லை. மேலே நின்று பார்த்தால் எல்லாக் கோதும் ஒரே இருட்டு. திருப்பி ஊற்றவேண்டும் என்றுதான் சட்டம். ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு ஆறு பிளவுஸ் கொடுக்கவேண்டும். இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்த இடத்திலிருந்து மிச்சத்தை ஊற்றினேன். டோர்ச்சை எடுத்தேன். எடுத்த டோர்ச்சை அடிக்காமல் ஐம்பது குண்டையும் கோதுகளின் வாயில் வைத்தேன். அடித்துப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும், தெரிந்தால் கழட்டவேண்டும். அந்த அலுப்பு, அந்தப் பஞ்சிதான்.

அவர் ஏறி வந்தார்.

"டோர்ச் அடிச்சுப் பாத்தனியே?"

"ஓம்."

அவர் இன்னொரு தரம் கேட்பார், அப்போது சொல்லிவிடலாம் என்று காத்துக்கொண்டு நின்றேன். எல்லாரிடமும் மூன்று தரம் கேட்கிற மனுசன். கேட்கவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். இடக்கையால் அவர் பிடியை இழுக்கிற சத்தம் என் கதவுக்கு இந்தப் பக்கம் ஐம்பது தரம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சிவப்புப் பட்டை வெட்டுவதற்காக வெள்ளை விரிப்பின்மேல் உதறினேன். மிளகுத்தூள் மாதிரிக் கறுப்பாய் ஒரு சிட்டிகை விழுந்தது. அலுமாரிக்கு மேல் ஏற்றும்போது ஏதோ ஒரு கோது தன்னிடம் இருந்ததைத் துணிக்குக் கொடுத்திருக்கிறது. எது, எவ்வளவு, ஒன்றா இரண்டா, ஒன்றும் தெரியாது. ஓடிப்போய் எதிர்க் கதவைத் தட்டினேன். அவர் விடியவே போய்விட்டார். ரெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. கிளப்பில் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று எனக்கே தெரியும்.

வீட்டுச் சட்டைக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். மெத்ரோ மாறி சென்-லாசார், அங்கிருந்து ஆர்ஜொந்தெய் ரயில், அதற்குப் பிறகு பஸ். வழி முழுக்க அந்த வாழைப்பழக் குழல்தான் கண்ணுக்குள் நின்றது. நான் பெரிதாகச் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அன்றைக்கு ஒரு ஸ்ரேசனுக்கு ஒரு சாமியாகப் பிடித்துக்கொண்டு போனேன்.

கிளப் வாசலில் ஒரு கிழவர் பெயர்ப் புத்தகத்தோடு இருந்தார். எனக்கு அந்த நேரத்தில் வந்த பிரெஞ்சு இரண்டே சொல்லுத்தான். சுட வேண்டாம், சுட வேண்டாம் என்று கத்தினேன். தலை கலைந்து, இறப்பர் செருப்போடு ஒரு பொம்பிளை கத்திக்கொண்டு வர, பாவம் மனுசன் தன் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். தன்னிடம் ஒன்றும் இல்லை என்று காட்டினாராக்கும். உள்ளேயிருந்து கிளப் தலைவர் வந்தார். நான் என் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டுப்போட்டமாதிரிக் காட்ட, அவருக்கு ஆள் விளங்கிவிட்டது. உள்ளே ஒரு விசில் சத்தம் கேட்டது. வெடிச்சத்தம் எல்லாம் நின்றது.

தராசண்ணை காதுமூடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பத்து விரலும் இருந்தது. இரண்டு கண்ணும் இருந்தது.

"என்ன பிள்ளை, ஆருக்கும் ஏதுமோ?"

சொன்னேன். கார்ட், தட்டு, பட்டுத்துணி, அலுமாரி, டோர்ச். டோர்ச்சை மட்டும் இரண்டு தரம் சொன்னேன்.

"எந்த நிரை?"

"தெரியாது அண்ணை."

"அறுபது சுட்டிட்டன்," என்றார்.

உள்ளே போய், துப்பாக்கியைத் திறந்து ஆறு குண்டையும் வெளியே எடுத்துவிட்டு, போட்டியிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். கிளப்பின் சுத்தியலை வாங்கிக்கொண்டு வந்து வாங்குப் பலகையில் இருந்தார். இடக்கையால் ஒவ்வொன்றாக அடித்துக் கழட்டினார். நான் பக்கத்தில் இருந்து மருந்தை ஒரு கோப்பையில் ஏந்தினேன். அவருடைய மெதுவான மக்னத்தைப் பார்த்துச் சிரிக்கிற கிழவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

முப்பத்தோராவதை அடித்தார். குண்டு விழுந்தது, மருந்து விழவில்லை. கோதைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் இல்லை. அந்தச் செம்புக் குண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கீறல் ஒன்றும் இல்லாமல் அழகாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. விக்கி விக்கி அழுதேன். கிளப் தலைவர் எனக்குக் கோப்பி கொண்டுவந்து தந்தார்.

"ஏன் அண்ணை என்னை இன்னொருக்கா கேக்கேல்லை?" என்றேன். குற்றம் செய்தவள் கேட்கிற கேள்வியா அது. ஆனால் கேட்டேன்.

"நீ சொன்னபடியா கேக்கேல்லை," என்றார். மிச்சம் ஒன்பதையும் அடித்து முடித்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் எதிரும் புதிருமாக இருந்தோம். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் மடியில் பையை வைத்துக்கொண்டு யன்னலால் செய்ன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி உங்களுக்கு ஒரு பொய்யும் சொல்லமாட்டன் அண்ணை," என்றேன்.

தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, சும்மா கேட்கிற மாதிரி, "வீட்டைப் பூட்டிப்போட்டோ வந்தனி?" என்றார்.

"ஓம்."

இரண்டு ஸ்ரேசன் போனது. அவர் பையிலிருந்து ரெலிபோனை எடுத்துக் கடைக்கு அடித்தார். குரலைத் தாழ்த்தவும் இல்லை, மற்றப் பக்கம் திரும்பவும் இல்லை.

"முதலாளி, ஒருக்கா மேலை ஏறி அந்தப் பிள்ளையின்ரை கதவைத் தள்ளிப் பாரும். ஓம், பூட்டினதெண்டுதான் சொல்லுறா. நீர் ஒருக்காத் தள்ளிப் பாரும்."

நான் அவருக்கு முன்னாலேயே இருந்தேன். என் முகம் எரிந்தது. அடுத்த ஸ்ரேசனில் ரெலிபோன் திருப்பி அடித்தது. காதில் வைத்துக் கேட்டார்.

"திறந்துதான் கிடக்காம்," என்றார்.

கோபத்தோடு சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தக் கட்டடத்தில் இருந்த மூன்று வருசமும், மழை வராது என்று நான் சொன்னால் அவர் யன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.